கடைசிப் படகு போன பிறகுதான் நெடுந்தீவு

நெடுந்தீவுக்குப் போய் வந்தேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, “இரவு நிண்டீங்களோ?” என்றுதான். அனேகமாக இல்லை என்பார்கள். காலைப் படகில் போய், துறையிலேயே ஓட்டோ ஒன்றைப் பிடித்து, கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம், வளரும் கல், குதிரை என்று வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று படம் எடுத்து, பிற்பகல் படகுக்கு மூச்சிரைக்க ஓடி வந்திருப்பார்கள். எப்படி இருந்தது என்றால், “பரவாயில்லை, ஆனால் சரியான வெயில்” என்பார்கள். பொய்யில்லை. காலை பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் இடையில் மட்டும் பார்த்தால் அந்தத் தீவு அப்படித்தான் இருக்கும்.

நான் கொழும்பில் வேலை பார்ப்பவன். யாழ்ப்பாணம் போகும்போது ஒரு வார இறுதியைத் தீவுப்பக்கம் ஒதுக்கப் பார்ப்பேன். நண்பர்களோடும் போயிருக்கிறேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். சனிக்கிழமை காலை போய் ஞாயிற்றுக்கிழமை காலை திரும்புவதுதான் எனக்குச் சரிவந்த கணக்கு. இடையில் ஓர் இரவு. அந்த இரவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெயிலும் படகுப் பயணமும்தான். ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் ஓர் இரவு நிற்கப் போகிறவர்களுக்காக.

எந்த மாதம் போவது என்று முடிவெடுக்க முதல் காற்றைப் பார்க்க வேண்டும். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழமில்லாத தண்ணீரில் காற்று பலமாக அடித்தால் அலை நீளமாக உருண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதும். பெரிய கடலில் போய்ப் பழகியவர்கள்கூட இங்கே முகம் வெளுத்துப் போவது இதனால்தான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று. அந்த மாதங்களில் படகு ஓடும், ஆனால் சில நாள் ஓடாது. ஓடினாலும் நனையாமல் இறங்க மாட்டீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் வாடைக் காற்றும். தாழமுக்கம் என்று வானிலை அறிக்கையில் சொன்னால் சேவை நின்றுவிடும், அங்கே போனவர்கள் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

மாசி, பங்குனி நல்ல காலம். மழை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். புல் பச்சையாக நிற்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், குதிரைகள் தெம்பாக இருக்கும், கடலும் படுத்திருக்கும். சித்திரையிலும் கடல் அமைதிதான், வெயில்தான் தாங்காது. ஆடி, ஆவணியில் போகிறவர்கள் வேறொரு தீவைப் பார்ப்பார்கள்: மண்ணிறமாகக் காய்ந்த வெளி, வற்றிய குளம், நிழலைத் தேடி நிற்கும் மாடுகள். அதையும் ஒருதரம் பார்க்கலாம் என்பேன், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம்.

இரண்டு திருவிழாக்களை நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று தவக்காலத்தில் வரும் கச்சதீவு அந்தோனியார் திருவிழா. நெடுந்தீவுப் படகுகள் நிற்கும் குறிகட்டுவான் துறையிலிருந்துதான் கச்சதீவுக்கான படகுகளும் வெளிக்கிடும் என்பதால் அந்த வார இறுதியில் வழக்கமான ஒழுங்கு குழம்பும். மற்றது ஆனி மாதத்து நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. அந்த நாட்களில் குறிகட்டுவானில் நிற்க இடமிருக்காது. அம்மனிடம் போகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். நெடுந்தீவுக்குப் போக நினைப்பவர் வேறு வாரம் பார்ப்பது நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ் இருக்கிறது. பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை வழியாகப் போய், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியில் ஏறும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு நேர்கோடாகத் தெரு. ஆழமில்லாத தண்ணீரில் இடுப்பளவில் நின்று வலை பார்ப்பவர்கள், மீன் பிடிக்க நட்ட களங்கண்டித் தடிகள், தூரத்தில் பறவைக் கூட்டம். சொந்த வாகனத்தில் போகிறவர்கள் கண்ணாடியைத் திறந்துவிட்டு மெதுவாக ஓடுங்கள். பஸ்ஸில் போனால் ஜன்னல் பக்கம் பிடியுங்கள், எந்தப் பக்கம் என்றாலும் சரிதான்.

குறிகட்டுவான் துறையில் முதல் வேலை, எந்தப் படகு எங்கே போகிறது என்று வாய்விட்டுக் கேட்பது. நயினாதீவுப் படகுகளும் அதே இடத்தில்தான் நிற்கும். அவை அடிக்கடி போகும், கால் மணித்தியாலம் இருபது நிமிடத்தில் போய்ச் சேரும், கூட்டமும் அதற்குத்தான். நெடுந்தீவுப் படகு ஒரு நாளைக்குச் சில தடவைதான், பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று படகுகளுக்குப் பெயர். எந்த நாளில் எது ஓடுகிறது என்பது அந்தந்த நேரத்துப் பழுதைப் பொறுத்தது. நேர அட்டவணையை இணையத்தில் பார்த்து நம்பி வராதீர்கள். தங்கப் போகும் வீட்டுக்காரருக்கு முதல் நாள் மாலை ஒரு அழைப்பு எடுத்தால், நாளை எத்தனை மணிக்கு எது வெளிக்கிடும் என்று அச்சொட்டாகச் சொல்வார்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டு.

படகில் ஏறும்போது ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு அது சுற்றுலாப் படகு. தீவுக்காரருக்கு அதுதான் பஸ், அம்புலன்ஸ், லொறி எல்லாம். அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், முட்டைத் தட்டு, கிளினிக் கொப்பியோடு வயதான அம்மா, கைக்குழந்தை எல்லாம் அதில்தான் வரவேண்டும். அவர்களை முதலில் ஏறவிடுங்கள். வெள்ளி பின்னேரமும் திங்கள் காலையும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் போய்வரும் நேரம், அதில் நாமும் போய் நெருக்கியடிக்க வேண்டியதில்லை.

சத்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் குளிசையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. அரை மணி, ஒரு மணித்தியாலம் முன்னாலேயே போட வேண்டும். முன்பக்கம் தூக்கித் தூக்கி அடிக்கும், பின்பக்கம் டீசல் மணம். நடுவில் இருங்கள். பழைய படகுகளில் உள்ளே இறங்கி உட்கார வேண்டியிருக்கும், கடல் அடிக்கிற நாளில் அந்த மூடிய அறைக்குள் ஒருவர் சத்தி எடுத்தால் அடுத்தவருக்கும் வரும். “தம்பி, இண்டைக்குக் கொஞ்சம் அடிக்கும், தூரத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கோ, போனைப் பாக்காதேங்கோ” என்று ஒரு படகு ஐயா சொன்னது எனக்கு எந்தக் குளிசையையும் விட உதவியிருக்கிறது. உயிர்காப்பு அங்கியைத் தந்தால் போடுங்கள். சூடாக இருக்கிறது என்று மடியில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

படகு போய்ச் சேரும் இடம் மாவிலித்துறை. அங்கே குமுதினிப் படுகொலைக்கு நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புங்குடுதீவு நோக்கிப் போன குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, அதிலிருந்த பயணிகளைக் குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டிக் கொன்றார்கள். இறங்கின உடனே ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வதால் பலர் அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம். அதன் முன்னால் சிரித்துக்கொண்டு செல்பி எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்கிறார்கள், கூட வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, இறங்கியாயிற்று. ஓட்டோ பேசுவதென்றால் ‘முழுச் சுற்று’ என்று பேசாதீர்கள். தங்குமிடத்தில் கொண்டுபோய் விடுவதற்கும், பின்னேரம் தெற்குப் பக்கம் குதிரை பார்க்கப் போய் இருட்ட முதல் திரும்புவதற்கும் என்று இரண்டு ஓட்டமாகப் பேசுங்கள். மிச்சத்துக்குச் சைக்கிள் போதும். தீவு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர், மேடு பள்ளமில்லாத தட்டை நிலம். கஷ்டம் காற்றுதான். ஆகவே போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், களைத்துப் போன நேரத்தில் காற்று முதுகைத் தள்ள வரும்படி வழியைப் போட்டுக்கொள்ளுங்கள். தனியாகச் சைக்கிள் கடை என்று தேட வேண்டாம், வீட்டில் கேட்டால் ஒழுங்கு செய்து தருவார்கள். பிரேக்கையும் காற்றையும் அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

தங்குமிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சின்ன விடுதிகள் சில இருக்கின்றன, வீட்டோடு அறை விடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. முன்கூட்டியே சொல்லாமல் போனால் அறை கிடைத்தாலும் சாப்பாடு கிடைக்காது. அங்கே கடையில் போய் நினைத்ததை வாங்கிச் சமைக்க முடியாது. எத்தனை பேர், மச்சமா சைவமா என்று முதல் நாளே தெரிந்தால்தான் காலையில் மீன் எடுத்து வைப்பார்கள். “என்ன வேணும்?” என்று கேட்டால் பட்டியல் போடாமல், “இண்டைக்கு என்ன படுதோ அது” என்று சொல்லிவிடுங்கள். விளைமீன் குழம்பும் நண்டும் கிடைத்த நாளும் உண்டு, காற்று அடித்துக் கடலுக்கு யாரும் போகாததால் கருவாட்டுக் குழம்போடு முடிந்த நாளும் உண்டு. கருவாட்டு நாள் மோசமில்லை. ஒடியல் கூழ் காய்ச்சுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்; நாலைந்து பேராகப் போனால் காய்ச்சுவார்கள், இரண்டு பேருக்கு அந்தப் பெரிய வேலையைச் செய்யச் சொல்வது நியாயமில்லை. தயிரை மட்டும் விடாதீர்கள். போர்த்துக்கேயர் இதைப் ‘பசுத்தீவு’ என்று குறித்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிறகு வந்த ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணை லெய்டன், காரைநகர் அம்ஸ்டர்டாம். அதில் இன்னும் புழக்கத்தில் நிற்பது நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும்தான்.

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் மெல்லிய மண், அதற்குக் கீழே கொஞ்சம் நன்னீர், அதற்கும் கீழே உவர்நீர். அதிகமாக இறைத்தால் கிணறு உவர்க்கத் தொடங்கிவிடும். அதனால்தான் சாராப்பிட்டிப் பக்கத்து நல்ல தண்ணீர்க் கிணறுகளைப் பற்றித் தீவுக்காரர் பெருமையாகப் பேசுவார்கள். குடிக்கிற தண்ணீரைப் பெரிய போத்தல்களில் யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள், வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டு வாருங்கள். குளிக்கும்போது வாளிக் கணக்குப் பாருங்கள். காசும் அப்படித்தான், தேவையானதைச் சில்லறையாகவே கொண்டுபோக வேண்டும். அட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை.

மதியத்தில் எங்கும் போகாதீர்கள். இதுதான் ஒருநாள் பயணிகளுக்குக் கிடைக்காத வசதி. அவர்கள் கொதிக்கிற வெயிலில் கல்லையும் கோட்டையையும் சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கலாம். தீவே அந்த நேரத்தில் படுத்துத்தான் இருக்கும்.

பின்னேரம் மூன்றரை, நாலு மணிக்கு மேல் வெளிக்கிடுங்கள். வைத்தியசாலைக்குப் பின்பக்கம் இருக்கும் கோட்டை, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பாவித்தது. பவளக்கல்லால் கட்டிய கனமான சுவர்கள் அரைகுறையாக நிற்கின்றன. மேலே ஏறாதீர்கள், கல் கழன்று வரும். பக்கத்தில் புறாக்கூடு. வெள்ளைக்காரர் காலத்தில் தூதுப் புறாக்கள் வளர்த்த இடம். ஐந்து நிமிட வேலை. வளரும் கல்லும் பெரிய காலடித் தடமும் நம்புகிறவர்களுக்குக் கதை, மற்றவர்களுக்குக் கல். எனக்கு அவற்றில் பெரிய ஈடுபாடில்லை, ஆனால் கூட்டிப்போகும் ஓட்டோ அண்ணை அந்தக் கதையைச் சொல்கிற விதத்துக்காக ஒருதரம் கேட்கலாம்.

வெடியரசன் கோட்டை என்று ஓரிடம் உண்டு. ஊர்மக்கள் அதை வெடியரசன் என்ற பழைய சிற்றரசனின் கோட்டை என்பார்கள். தொல்லியல் திணைக்களம் அதைப் பௌத்தத் தூபிகளின் எச்சம் என்கிறது. தமிழர்களிடையே பௌத்தம் இருந்த காலம் ஒன்று இருந்ததே என்று நினைத்துக்கொண்டால் இரண்டு பேச்சையும் அமைதியாகக் கேட்கலாம். ஆனால் இன்றைய நாட்டு நிலைமையில் எந்தப் பழைய கல்லும் வெறும் கல்லாக இருக்க முடிவதில்லை. உள்ளூரார் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பேசினால் காரணம் அதுதான். துருவித் துருவிக் கேட்க வேண்டாம்.

பெருக்கு மரத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஆபிரிக்க மரம். அரபு வணிகர்கள் கொண்டுவந்திருப்பார்கள் என்பது பொதுவான கருத்து. மன்னார் பள்ளிமுனையிலும் இதே இனத்துப் பெரிய மரம் நிற்கிறது. நெடுந்தீவு மரத்தின் அடியில் ஒரு வாசல் போலப் பிளவு. உள்ளே போனால் சில பேர் நிற்கக்கூடிய பொந்து. உச்சி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். பட்டையில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள் நம்மவர்கள், காதலர்கள் பெயர், ஊர்ப் பெயர், திகதி எல்லாம். இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும் காலத்தில் பார்த்தால் வேரோடு பிடுங்கித் தலைகீழாக நட்டு வைத்தது போலத் தெரியும்.

என்னைக் கேட்டால், தீவில் பார்க்க வேண்டிய முதல் பொருள் எந்தப் பட்டியலிலும் தனி இடமாக வராது. அது மதில்கள். யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலி, பனையோலை வேலி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிது. வேலிக்கு வேண்டிய தடியும் கதியாலும் இங்கே தாராளமாகக் கிடையாது. கிண்டினால் வருவது கல். காணியைத் துப்புரவாக்கும்போது வந்த பவளக்கல்லையும் சுண்ணாம்புக் கல்லையும் எல்லையில் அடுக்கியிருக்கிறார்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின் மேடு பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றை ஒன்று கவ்வும்படி வைத்திருப்பார்கள். ஒரு வயோதிபர் விழுந்த மதிலைத் திருப்பி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு கல்லைக் கையில் எடுத்து, இரண்டு தரம் திருப்பிப் பார்த்து, வைத்தால் வைத்ததுதான். எடுத்து மாற்றி வைக்கும் பேச்சில்லை. இடுக்கு விடாமல் அடைத்தால் என்ன என்று கேட்டேன். “காத்துப் போக வழி விடவேணும் தம்பி. மறிச்சா தள்ளிப் போட்டிடும்” என்றார். கிட்டப் போய்ப் பாருங்கள், பல கற்களில் பவளத்தின் பூப்போன்ற வரிகள் அப்படியே தெரியும். சாய்ந்து உட்காராதீர்கள், ஆட்டுக்குட்டி ஏறினாலே சில கல் விழும். தாண்டிக் குதிக்கவும் வேண்டாம், கொஞ்சம் நடந்தால் படலை இருக்கும்.

குதிரைகளுக்கு வருவோம். தீவின் தெற்குப் பக்கம் மரமில்லாத பெரிய வெளி. மட்டக்குதிரைகள் அங்கேதான் திரிகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த குதிரைகளின் வழி வந்தவை என்பார்கள். ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்ற அயர்லாந்து அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தியிருக்கிறார். பழைய லாயத்தின் தூண்கள் இப்போதும் நிற்கின்றன. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிக் காட்டுக்குதிரைகளாகிவிட்டன. அவை மேயும் பகுதி உள்ளிட்ட 1,800 ஹெக்ரேயருக்கு மேற்பட்ட நிலம் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மத்தியானம் போனால் தூரத்தில் சில புள்ளிகள் தெரியும், ஓட்டோ நெருங்கினால் அவையும் நகர்ந்துவிடும். மாலையில் ஓட்டோவை நன்றாக முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, இறங்கி நடந்து, ஓரிடத்தில் பேசாமல் உட்காருங்கள். அரை மணித்தியாலம் ஒன்றும் நடக்காது. அப்புறம் மேய்ந்தபடியே அவை உங்களைத் தாண்டிப் போகும். ஆண் குதிரை கூட்டத்தின் ஓரத்தில் நின்று உங்களை அளக்கும். காதைப் பின்னுக்கு மடித்தால் கிட்டப் போகக்கூடாது என்று அர்த்தம். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். பழமோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள். மனிதரிடம் வாங்கித் தின்னப் பழகிய காட்டுக்குதிரை கடிக்கவும் பழகும். ட்ரோன் விட்டு விரட்டுபவர்களைப் பற்றி எழுதப் போனால் வசவுதான் வரும், விட்டுவிடுகிறேன். வறட்சிக் காலத்தில் குளம் வற்றித் தண்ணீரில்லாமல் இவை செத்துப் போவது உண்டு. அந்த மாதங்களில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குதிரை நின்றால் வாகனத்தை அங்கே கொண்டுபோகவே வேண்டாம் என்று ஓட்டோக்காரரிடம் சொல்லுங்கள், குடித்து முடிக்கட்டும்.

பொழுது சாய்ந்த பிறகு ஊர் மாறும். வந்தவர்கள் எல்லோரும் போயிருப்பார்கள். கடை வாசலில் ஆண்கள் கூடுவார்கள், மாடுகள் தாமாக வீடு திரும்பும், பெண்கள் படலையில் நின்று கதைப்பார்கள். பகலில் ‘சுற்றுலாக்காரர்’ என்று பார்த்தவர்கள் இப்போது “எவடம்? ஆற்றை பிள்ளை?” என்று தொடங்குவார்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் தேத்தண்ணி வரும், தேத்தண்ணியோடு கதை வரும். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள், மகப்பேற்றுக்கு இரவில் கடல் தாண்டிய கதை, இந்திய இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போன வலை. இராமேஸ்வரம் இங்கிருந்து கிட்ட என்பதால் வலைக் கதைக்கு இரண்டு கரையிலும் சொந்தக்காரர் உண்டு. நான் அதிகம் பேசாமல் கேட்பேன். உதவி செய்கிறேன், எழுதுகிறேன், காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அப்படி வந்து போனவர்கள் நிறையப் பேர்.

இரவுக்கு ஒரு ரோச் லைற் தேவை. தெருவில் பூச்சி பொட்டு இருக்கும், நாய்களும் அந்நியரைப் பார்த்தால் குரைக்கும். மின்சாரம் நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள், நின்றால் இன்னும் நல்லது. மாசி பங்குனியில் மேகமில்லாத இரவில் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் எனக்குத் தெரிந்த நாலைந்து நட்சத்திரங்களையே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வானம் நிறைந்திருக்கும். அமாவாசையை ஒட்டிய வார இறுதியாகப் பார்த்துப் போனால் இது நிச்சயம். நுளம்புத் திரி கொண்டுபோங்கள்.

கடலில் குளிக்க ஞாயிறு அதிகாலைதான் சரி. வெயில் ஏறவில்லை, ஆளும் இல்லை. கரையில் மணலைவிடப் பவளச் சில்லும் கூரான கல்லும்தான் அதிகம், பழைய செருப்பைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள். ஆழமில்லை என்று நடந்துகொண்டே போகாதீர்கள், பள்ளம் எங்கே என்று உள்ளூரார் ஒருவரைக் கேட்டுவிட்டு அவர்கள் குளிக்கிற இடத்திலேயே குளியுங்கள். பெண்கள் உடுப்போடுதான் அங்கே கடலில் இறங்குவார்கள். நீங்களும் அப்படி இறங்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நிம்மதியாகக் குளிக்கலாம். சங்கு, சிப்பி, பவளம் எதையும் பைக்குள் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஞாபகத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஊரில் பனங்கட்டிக் குட்டான் கிடைக்கும், அது காசாகவும் அங்கேயே நிற்கும்.

திரும்பும் படகு. ஞாயிறு காலைப் படகையே பிடியுங்கள், பிற்பகலுக்குத் தள்ளாதீர்கள். காலையில் கடல் பொதுவாக அமைதி. பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும், பிற்பகல் படகை நிறுத்திவிட்டால் திங்கட்கிழமை வேலை போய்விடும். காலையில் குறிகட்டுவானுக்கு வந்துவிட்டால் இன்னொரு லாபம், அங்கேயே நயினாதீவுப் படகில் ஏறி அம்மனைக் கும்பிட்டு, மடத்தில் அன்னதானம் இருந்தால் சாப்பிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்து சேரலாம். அம்மாவோடு போனபோது அவருக்கு நெடுந்தீவைவிட இதுதான் பயணம். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் இடத்தை முன்னாலேயே போட்டுவையுங்கள். பையின் மேலேயே உலர்ந்த உடுப்பு ஒரு சோடி இருக்கட்டும், உப்புப் படிந்த காற்சட்டையோடு எட்டு மணித்தியாலம் இருப்பது லேசுப்பட்ட வேலையில்லை.